கொதிகலனும் காவலனும்

நெருப்பும் நீரும் ஒன்றுக்கொன்று பகையானவை. நீர் மிகுந்தால் நெருப்பு அவியும். நெருப்பு மிகுந்தால் நீர் வற்றும். இவ்விரு பகைவரையும் ஓர் இரும்புச் சுவரின் இருபுறத்தும் நிறுத்தி, ஒன்றன் வெம்மையை மற்றொன்றில் ஏற்றி, அதனாற் பிறக்கும் நீராவியைத் தன் ஏவலுக்கு உரியதாக்கிக் கொண்டான் மனிதன். அதன்பொருட்டு அவன் அமைத்த கலமே கொதிகலன். கொதித்த கலன், கொதிக்கின்ற கலன், கொதிக்கும் கலன் என மூன்று காலத்துக்கும் பொருந்தி நிற்றலின், கொதிகலன் என்பது வினைத்தொகை ஆகும். இலக்கணம் கற்கும் மாணவர்களே! இச்சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் இதனிடம் வருவோம்.

கொதிகலன் உங்களுக்கு முற்றும் புதியதன்று. உங்கள் வீட்டு அடுப்பின்மீது ஒலியெழுப்பும் குக்கர் அதன் சிறு வடிவமே. டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர், இறுக மூடிய கலத்தில் எலும்பையும் மென்மையாகும்படி வேக வைக்கும் முறையை 1679ஆம் ஆண்டில் கண்டார். மூடிய கலத்தில் ஆவி மிகுந்தால் கலம் வெடிக்கும் என்பதை உணர்ந்த அவர், அளவு மீறிய ஆவி தானே வெளியேறுமாறு எடையோடு கூடிய ஒரு வால்வையும் அதில் அமைத்தார். இன்று நம் குக்கரின் தலைமீது அமர்ந்திருக்கும் வெயிட் அந்த வழியில் வந்ததே. ஆற்றலைப் பெருக்கும் அறிவும், அதற்கு எல்லை வகுக்கும் அறிவும் உடன்பிறந்தனவாக இருத்தல் வேண்டும் என்பதை அச்சிறு கருவி அன்றே காட்டிற்று.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது திருப்பெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் பெருமை உடையது அது. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் உள்ளது ஒரகடம். ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த இப்பகுதியில் இன்று தொழிற்சாலைகள் நிரை நிரையாக நிற்கின்றன. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. பின்னர் வந்த ஆண்டுகளில் ஒரகடத்திலும் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்யும் ஆலைகள் எழுந்தன.

இவ்வாலைகளைக் காணச் செல்வோர், ஓடும் பட்டைமேல் வரிசையாக வரும் வண்டிகளையும், கை நீட்டிப் பற்றவைக்கும் இயந்திர மனிதர்களையும் கண்டு வியந்து திரும்புவர். ஆலையின் பின்புறத்தில் தனித்து நிற்கும் ஒரு கட்டடத்தை அவர்கள் பெரும்பாலும் நோக்குவதில்லை. அதுவே கொதிகலன் அறை. தொழிலாளர் அதனைப் பாய்லர் ஹவுஸ் என்பர். டயர் ஆலையில், கந்தகம் கலந்த ரப்பரை அச்சில் இட்டு உறுதியாக்குவது நீராவியின் வெம்மை. வேறு ஆலைகளில், துணிக்குச் சாயம் ஏற்றவும், உணவைப் பதப்படுத்தவும், மருந்து செய்யும் கலங்களைத் தூய்மையாக்கவும் பயன்படுவது அதுவே. அனல் மின் நிலையத்திலோ, சுழலியைச் சுற்றி மின்னாற்றலைப் பிறப்பிப்பதும் அந்நீராவியே. ஆலைக்கு அறிவு முன்புறத்தில் இருப்பினும், அதன் மூச்சு பின்புறத்து அறையிலேதான் இருக்கிறது எனலாம்.

அத்தகைய ஓர் அறையைக் காணும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், இன்று அப்பகுதியில் உள்ள ஆலையொன்றில் முதல் வகுப்புச் சான்று பெற்ற கொதிகலன் இயக்குநராக இருக்கிறார். "ஐயா, நீங்கள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள், நான் படிக்கும் எழுத்தை ஒரு நாள் வந்து பாருங்கள்" என்று அவர் அழைத்தார். அறைக்குள் நுழைந்ததும், கிடையாகப் படுத்திருக்கும் யானையொன்றைப் போன்ற உருளைக் கலத்தைக் கண்டேன். அதன் வயிற்றினூடே பல குழாய்கள் ஓடுகின்றன. குழாய்களுக்குள் தீயின் வெம்புகை செல்கிறது. குழாய்களைச் சூழ்ந்து நீர் நிற்கிறது. வெளியே அழுத்தத்தைக் காட்டும் முள் கருவி. கலத்துள் நீர் எந்த அளவில் நிற்கிறது என்பதைக் காட்டும் இரு கண்ணாடிக் குழாய்கள். மேலே காப்பு வால்வுகள். ஒருபுறம் நீரூட்டும் பம்பு. அவர் காட்டிய எழுத்துகள் இவையே.

அவர் முதலில் அழுத்த முள்ளைச் சுட்டினார். அது சதுரச் சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் என்று காட்டிற்று. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும் என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மூடிய கலத்தில் அழுத்தம் ஏற ஏற, கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். அம்முள் காட்டிய அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 183 பாகை வெப்பத்தோடு இருக்கும். கலம் உடையாதவரையில் அந்நீர் அடங்கியிருக்கும். சுவர் பிளந்து அழுத்தம் நீங்குமாயின், அந்நீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கண்ணிமைக்கும் பொழுதில் ஆவியாகும். ஆவியான நீர் தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப் போல ஏறத்தாழ 1,500 மடங்கு இடத்தை வேண்டும். அந்த இடத்தை அது கேட்டுப் பெறுவதில்லை. சுவரையும் கூரையையும் தகர்த்து எடுத்துக் கொள்கிறது. கொதிகலன் வெடிப்பு என்பது இதுவே.

அங்ஙனமாயின், இக்கலத்தைக் காப்பது எது? நீரே காக்கிறது. வியப்பாக இருக்கிறதன்றோ? தீயின் வெம்மையால் இரும்புக் குழாய்கள் உருகாமலும் தளராமலும் இருப்பதற்குக் காரணம், அவ்வெம்மையை இடைவிடாது வாங்கிக் கொள்ளும் நீர் அவற்றைச் சூழ்ந்து நிற்பதே. நீர்மட்டம் தாழ்ந்து, குழாய்கள் நீருக்கு வெளியே தெரியுமாயின், அவை சிவக்கக் காயும், வலிமை இழக்கும், உள்ளழுத்தத்தைத் தாங்கமாட்டா. நீரிலுள்ள சுண்ணமும் பிற உப்புகளும் குழாயின்மேல் செதிலாகப் படிந்தாலும், நீருக்கும் இரும்புக்கும் இடையே திரை விழுந்தது போலாகி, அதே தீங்கு மெல்ல மெல்ல விளையும். அதனாலேயே கலத்துக்குள் விடும் நீரை மென்னீராக்கி விடுகின்றனர். அடியிற் சேரும் கசடை உரிய காலத்தில் திறந்து வெளியேற்றுகின்றனர். தீ மூட்டுமுன், முந்திய தீயில் எரியாது தங்கிய வாயு அடுப்பறையில் இருந்து வெடிக்காதவாறு, விசிறியால் காற்றை ஓட்டி அதனைத் துடைக்கின்றனர்.

"இவையெல்லாம் நூலில் உள்ளவைதாமே, தம்பி? படித்தால் போதாதா? கையால் பழகுவது எதற்கு?" என்று நான் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, தாம் பயிற்சியில் இருந்த காலத்தில், வேறோர் ஊரில், வேறோர் ஆலையில் நிகழ்ந்ததைக் கூறினார். அவர் கூறியவாறே அதனை இங்கே தருகிறேன்.

"அப்போது எனக்கு வயது இருபது, ஐயா. இரவு முறையில் இருந்தேன். மூத்தவர் ஒருவர் எனக்கு ஆசானாக வாய்த்திருந்தார். நூலிலிருந்து வினவினால் எல்லாவற்றுக்கும் விடை சொல்வேன். அதனால் எனக்குச் சிறிது செருக்கும் இருந்தது. நள்ளிரவில் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கண்ணாடியில் நீர் சரியாகப் பாதியில் நின்றது. கோடு கிழித்தாற்போல அசையாமல் நின்றது. மற்றொரு கண்ணாடியில் கோடே தெரியவில்லை. அது அழுக்கேறிப் போயிற்று என்று எண்ணிக் கொண்டேன். 'நீர்மட்டம் பாதி' என்று பதிவேட்டில் அழகாக எழுதி வைத்தேன்.

ஆசான் வந்தார். பதிவேட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியையே பார்த்தார். 'நீர் அசைகிறதா?' என்று கேட்டார். 'இல்லை அண்ணா, ஆடாமல் நிற்கிறது' என்றேன், பெருமையோடு. அவர் முகம் மாறியது. கண்ணாடியின் அடித்திருகைத் திறந்தார். மேலே ஆவி வரும் திருகை மூடினார். நீர் பீறிட்டு வந்திருக்க வேண்டும். ஒரு சொட்டும் வரவில்லை. மறுகணமே ஓடிப்போய்த் தீயை நிறுத்தினார். எனக்கு நடுக்கம் பிடித்தது. நீர் இல்லையென்றால் நீர் விடவேண்டும் என்றுதானே தோன்றும்? பம்பின் விசையை நோக்கிக் கையை நீட்டினேன். 'விடாதே!' என்று கத்தி, என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். அந்தப் பிடியின் வலி இன்னும் என் கையில் இருக்கிறது, ஐயா."

மாணவர்களே! அவ்வாசான் கண்டது யாது என்பதை விளக்குவேன். கண்ணாடிக் குழாயின் மேல்முனை கலத்தின் ஆவிப்பகுதியோடும், கீழ்முனை நீர்ப்பகுதியோடும் இணைந்திருக்கும். கீழ்வழி கசடால் அடைபட்டுவிட்டால், கலத்தில் நீர் குறைந்தாலும் கண்ணாடியில் உள்ள நீர் இறங்க வழியில்லை. மேலிருந்து வரும் ஆவியும் குளிர்ந்து நீராகி அதனுடன் சேரும். அப்போது கண்ணாடி காட்டுவது கலத்தின் நீரை அன்று. தன்னுள் சிறைப்பட்ட நீரை. கொதிக்கும் கலத்தோடு உண்மைத் தொடர்புடைய நீர் ஒருபோதும் முற்றிலும் அசையாதிராது. சிறிதேனும் துடித்துக் கொண்டே இருக்கும். நிறைகுடம் தளும்பாது என்பது நம் பழமொழி. கொதிகலன் அறையிலோ, தளும்பாத கண்ணாடியை ஐயுற வேண்டும். மற்றொரு கண்ணாடியோ உண்மையையே கூறிற்று. முழுதும் நிறைந்த கண்ணாடியும் முழுதும் வெறுமையான கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவ்விளைஞர் உண்மை கூறிய கண்ணாடியை அழுக்கென்று தள்ளி, பொய் கூறிய கண்ணாடியை நம்பினார்.

நீர் விடாதே என்று தடுத்தது ஏன்? நீரின்றிக் காய்ந்த குழாய்களின்மேல் நீர் பட்டால், அது திடீரென்று பேரளவில் ஆவியாகி அழுத்தத்தை உயர்த்தும். காய்ந்த இரும்பும் திடீரெனச் சுருங்கிப் பிளக்கும். நீர் எவ்வளவு தாழ்ந்தது என்று தெரியாதபோது செய்யத்தக்கது, தீயை நிறுத்திவிட்டுக் கலம் தானே ஆறும்வரை காத்திருப்பதே. அஞ்சிய மனம் ஏதேனும் செய்யத் துடிக்கும். பழகிய கை சும்மா இருக்கவும் அறியும். அன்று அவர்கள் கலம் ஆறும்வரை காத்திருந்தனர். பின்னர்த் திறந்து பார்த்தபோது, மேல் வரிசைக் குழாய்கள் வெப்பத்தால் தளர்ந்து வளைந்திருந்தனவாம். ஒருவருக்கும் ஊறு நேரவில்லை.

"நீர் குறைந்தால் தீயைத் தானே நிறுத்தும் கருவி இல்லையா?" என்று நான் வினவினேன். "இருந்தது, ஐயா. நீரோடு ஏறி இறங்கும் மிதவை அது. அந்த மிதவையும் கசடில் சிக்கி மேலேயே நின்றுவிட்டது. கருவி காவல் காக்கும், ஆனால், கருவி விழித்திருக்கிறதா என்று பார்ப்பவன் மனிதன்தான்" என்றார் அவர். இன்றைய கொதிகலன்களில் கருவிகள் மிகுந்துள்ளன. கணிப்பொறித் திரையில் எண்கள் ஒளிர்கின்றன. அதனால் காவலனின் வேலை குறைந்துவிட்டது என எண்ணுதல் தவறு. முன்பு அவன் கலத்தை மட்டும் ஆராய்ந்தான். இன்று கலத்தைப் பற்றிக் கருவி சொல்வது மெய்யா என்பதையும் ஆராய்கிறான்.

இவ்வறிவை மனிதகுலம் எளிதில் பெறவில்லை. 1863ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல உயிர்களைக் கொண்டது. அதன் விளைவாக மறு ஆண்டிலேயே வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வு செய்வதற்குச் சட்டம் பிறந்தது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டன் நகரில், 1905ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் காலையில் காலணித் தொழிற்சாலை ஒன்றன் கொதிகலன் வெடித்தது. கட்டடம் இடிந்து தீப்பற்றி 58 பேர் மாண்டனர். அத்துயரே அந்நாட்டில் கொதிகலன் அமைப்புக்கு உரிய விதிகள் தோன்றத் தூண்டுகோலாயிற்று. நம் நாடு முழுமைக்கும் பொதுவான கொதிகலன் சட்டம் 1923ஆம் ஆண்டில் இயற்றப் பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த அச்சட்டத்துக்கு மாற்றாக, 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றம் புதிய கொதிகலன் சட்டத்தை இயற்றியது. விதிகள் இருந்தும் விபத்துகள் அறவே ஒழிந்தில. 2020ஆம் ஆண்டு மே, ஜூலைத் திங்கள்களில் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிர் நீத்ததை நாம் மறத்தற்கில்லை. விதிநூலின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய வீட்டில் எழுந்த அழுகுரல் இருக்கிறது.

ஆதலின், கொதிகலனை இயக்குவோர் சான்று பெற்றவராக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அச்சான்று இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என இருவகைப்படும். பெரிய நிலையங்களில் பொறுப்பேற்கும் பொறியாளர்க்குத் தனிச் சான்று உண்டு. ஏட்டுக் கல்வியால் மட்டும் இவற்றைப் பெறுதல் இயலாது. கொதிகலன் அருகே நின்று பணிசெய்த காலத்தையும் காட்டவேண்டும். தேர்வாளர் முன் நின்று விடையும் கூறவேண்டும். மின் நிலையங்களில் பணிபுரிவோர்க்கென நெய்வேலியில் 1965ஆம் ஆண்டு முதல் பயிற்சி நிலையம் ஒன்று நடைபெற்று வருகிறது. பெரிய மின் நிலையங்களுக்கு உரிய கொதிகலன்களைச் செய்யும் திருச்சிராப்பள்ளி ஆலையும் அதே 1965ஆம் ஆண்டில்தான் உற்பத்தியைத் தொடங்கிற்று. கலனைச் செய்யும் கையும், கலனைக் காக்கும் கையும் தமிழகத்தில் ஒரே காலத்தில் பழகத் தொடங்கின என்பது எண்ணி மகிழத்தக்கது.

நிற்க. நான் அறையில் இருந்தபோதே முறை மாறும் நேரம் வந்தது. அடுத்த முறைக்கு வந்தவருடன் பயிற்சி பெறும் இளைஞன் ஒருவனும் வந்தான். என் மாணவர் அவனை நோக்கி, "தம்பி, கண்ணாடியைக் கேள்" என்றார். "பார்" என்று அவர் கூறவில்லை. "கேள்" என்றே கூறினார். அவ்விளைஞன் கையுறை அணிந்து, பக்கவாட்டில் விலகி நின்று, அடித்திருகைத் திறந்தான். நீர்வழியை மூடினான், ஆவி சீறி வந்தது. அதனைத் திறந்து ஆவிவழியை மூடினான். நீர் பாய்ந்து வந்தது. பின்பு இரண்டு வழிகளையும் திறந்து அடித்திருகை மூடினான். வெறுமையாயிருந்த கண்ணாடியில் நீர் விரைந்து ஏறிப் பாதியில் நின்று, மெல்லத் துடித்தது. மற்றைக் கண்ணாடியையும் அவ்வாறே கேட்டான். அதன் பின்னரே பதிவேட்டில் எழுதினான். என் மாணவர் அவன் எழுதியதன்கீழ்க் கையொப்பமிட்டு, வீட்டுக்குப் புறப்பட்டார்.

வழியில் அவர், "என் ஆசான் அன்று என் கையைப் பிடித்ததற்கு நான் செய்யும் கைம்மாறு இதுதான், ஐயா. ஒவ்வொரு முறையிலும் ஒருவன் கையையாவது பழக்கிவிட வேண்டும்" என்றார். அறுபது ஆண்டுகளைக் கடந்த எனக்கு, அன்று ஒரு பாடம் கிடைத்தது. நான் இளமையில் இலக்கணம் பயின்றபோது, நூற்பாவை மனப்பாடமாக ஒப்பித்தால் என் ஆசிரியர் மகிழ்வார். ஆயினும் அதோடு விடமாட்டார். "இதற்கு நீயே ஓர் எடுத்துக்காட்டுக் கூறு" என்பார். அங்கேதான் நான் கற்றேனா இல்லையா என்பது வெளிப்படும். கொதிகலன் அறையிலும் அதுவே முறை. அறிந்தது கைக்கு இறங்கும்வரை அறிவு நிறைவு பெறுவதில்லை.

தொடக்கத்தில் கூறிய சொல்லுக்கு வருவோம். கொதிகலன் என்னும் வினைத்தொகை மூன்று காலத்தையும் தன்னுள் அடக்கியது. அதன் காவலும் அத்தகையதே. நேற்றுப் பார்த்தோம் என்பதால் இன்று பாராதிருத்தல் கூடாது. இன்று பார்த்துவிட்டோம் என்பதால் நாளை ஓய்ந்திருத்தல் கூடாது. மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய ஆலைகளில் பொறுப்பேற்கக் கூடும். வேறு சிலர் வேறு தொழில்களை மேற்கொள்ளக் கூடும். எத்தொழில் ஆயினும், அங்கே உங்கள்முன் ஒரு கண்ணாடி இருக்கும். எல்லாம் நலமே என்று அது அசையாது காட்டிக் கொண்டிருக்கும். அதனை நம்பி எழுதிவிடுவதற்குமுன், ஒருமுறை கையால் திறந்து கேளுங்கள். அந்த ஒரு வினாவினால் காக்கப்படுவது பலருடைய உயிராக இருக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. கொதிகலனுள் உள்ள குழாய்களை நீர் எவ்வாறு காக்கிறது?
2. அசையாது நின்ற நீரைக் கண்டு ஆசான் ஐயுற்றது ஏன்?
3. நீர் தாழ்ந்த கலத்தில் உடனே நீர் விடலாகாது, காரணம் கூறுக.
4. "கண்ணாடியைப் பார்" என்னாது "கண்ணாடியைக் கேள்" என்றதன் பொருளை விளக்குக.
5. கொதிகலன் என்பது போன்ற வினைத்தொகைகள் ஐந்தினை எழுதுக.